இடச்சக்கரம், வலச்சக்கரம்

அந்த ஆயுத பூஜை அன்று என் நாத்தனார் செய்த இரண்டு துடுப்புச் சக்கரங்களும் நன்றாகவே சுழன்றன. கப்பல்தான் நேராகப் போகவில்லை. ஒரகடம் தொழிற்சாலையில் டீசல் டாங்குகளின் கசிவைச் சோதிக்கும் நீளமான தண்ணீர்த் தொட்டி அது. விளிம்பெங்கும் சந்தனமும் குங்குமமும். பொரிப் பொட்டலங்களோடு ஊழியர் குடும்பங்கள் சுற்றி நின்றோம். இரண்டடி நீள மாதிரி நீராவிக் கப்பல் புறப்பட்டு, வலப்பக்கமாகத் திரும்பி, வட்டமடித்து, கிளம்பிய இடத்துக்கே வந்தது. இடச்சக்கரம் தண்ணீரைத் தள்ளியது. வலச்சக்கரம் தண்ணீரை அறைந்து முன் வரிசையை நனைத்தது.

“பிரதட்சணம் பண்ணுது பாருங்கப்பா” என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணி, நான் அவரை அப்படித்தான் அழைப்பேன், அங்கே பல ஆண்டுகளாகத் தரச் சோதனையில் இருக்கிறார். அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமுக்கு மாற்றல் கேட்டிருந்தார். அங்கே அதுவரை பெண்கள் இல்லை. அதன் பொறுப்பாளர் மறுக்கவில்லை. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் சக்கரம் உடைந்து கிடந்த கப்பலையும் ஒரு வரைபடத்தையும் கொடுத்தார். “பூஜைக்குள்ள ரெண்டு வீலும் பண்ணி நேரா ஓட்டிக் காட்டும்மா. அப்புறம் பேசலாம்.”

ஒவ்வொரு தகடும் நிமிர்ந்தே தண்ணீரில் இறங்கி, நிமிர்ந்தே வெளியேற வேண்டிய சக்கரம். அதற்காகச் சக்கரத்தின் அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு வளையம், அதிலிருந்து தகடுகளுக்குக் கம்பிகள். ஷிப்ட் முடிந்து வந்து, பென்னலூரில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அண்ணி பித்தளையை வெட்டினார், ராவினார். கம்பிகள் இறுகிக்கொண்டதால் ஒரு சக்கரத்தை மூன்று முறை பிரித்துப் பூட்டினார். நான் அப்போது ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். வரைபடத்தை என்னிடமும் காட்டினார். எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பிழையில்லை என்றேன்.

வரைபடத்தில் இருந்தது இடச்சக்கரம் மட்டும். வலச்சக்கரம் அதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அண்ணி இரண்டையும் இம்மி பிசகாமல் ஒன்றுபோலவே செய்திருந்தார். வலப்பக்கம் மாட்டியதும் வளையம் அச்சுக்குப் பின்னால் போய், தகடுகள் சாய்ந்துவிட்டன. இடக்கதவு, வலக்கதவுப் பாகங்கள் கலந்து வந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவர் அவர்.

“டவுட்டு இருந்தா கேக்கணும்மா” என்றார் பொறுப்பாளர், நனைந்த சட்டையைத் துடைத்தபடி.

சந்தேகம் இருந்திருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: “கேட்டா, பொம்பளைக்கு டிராயிங் படிக்கத் தெரிலன்னு சிரிப்பானுங்க. அதான் வுட்டுட்டேன்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்தே நாளில் வலச்சக்கரத்தைப் புதிதாகச் செய்தார். கப்பல் தொட்டியின் நீளம் முழுக்க நேராக ஓடியது. பார்க்க நான்கு பேர்தான் இருந்தார்கள். டூல் ரூமில் இருந்த காலியிடம் நிரம்பிவிட்டது என்றார் பொறுப்பாளர். கப்பல் வரவேற்பறைக்குத் திரும்பியது, ‘டூல் ரூம் தயாரிப்பு’ என்ற அட்டையோடு.

இந்த ஆண்டு மறுபடி ஓர் இடம் காலி. அண்ணி மறுபடி கேட்டார். பொறுப்பாளர் வேறொரு பாகத்தின் வரைபடத்தைக் கொடுத்தனுப்பினார். நேற்று அதை மேசையில் விரித்தபோது ஒரு துளையின் ஆழம் விடுபட்டிருந்தது. அண்ணி உடனே போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“இதெல்லாமா கேப்பாங்க? டூல் ரூமுக்கு வர்றவங்களுக்குத் தானா தெரியணும்மா.” இணைப்பு துண்டிக்கப்பட்டது.

“கேக்காட்டியும் தப்பு, கேட்டாலும் தப்பு. இந்தாளுக்கு இன்னாதான் வோணுமாம்?” என்று என்னைப் பார்த்தார் அண்ணி. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு அதே எண்ணை அழைத்தார்.

“சார், லைன் கட்டாயிடுச்சு. ஆழம் எவ்ளோன்னு சொன்னீங்க?”