அத்தான் எழுதிய கடைசி எழுத்துகள்

என் அக்கா வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். அவர் வெளிக்கோடு போடுவார், நான் உள்ளே வண்ணம் நிரப்புவேன். இருபத்தாறு வருஷம் இதே பிழைப்பு. மற்றவர்கள் அளந்து, சுண்ணாம்பு நூல் அடித்து எழுதுவார்கள். அத்தான் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு எழுதினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். கர்வமும் அதே அளவுக்கு இருந்தது. யாராவது ஸ்கேலை நீட்டினால், "இதை வச்சு முதுகு சொறிஞ்சுக்கோ" என்பார்.

பிளக்ஸ் வந்து எங்கள் வேலையைத் தின்றபோதுகூட அவர் அசரவில்லை. அடுத்த வருஷம் ஒரு மருந்துக்கடைப் பலகையில் கோடு வழுக்கியதும்தான் முகம் செத்துப்போனது. கை நடுக்கம் இனிக் கூடத்தான் செய்யும் என்றார் டாக்டர். அக்கா அதற்குள் இறந்துவிட்டாள். விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவருடைய ஒரே மகள் வெளியூரில், கம்ப்யூட்டருக்கு எழுத்து வடிவமைக்கும் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். லீவுக்கு வந்தவள் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்தாள்.

"அப்பா, உங்க எழுத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தப்போறேன். எல்லா எழுத்தையும் எழுதி அனுப்புங்க."

அத்தான் கையை ஜிப்பாப் பைக்குள் வைத்தபடியே தலையாட்டினார்.

அவள் கிளம்பியதும் நான் சொன்னேன். "புள்ளைகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க அத்தான்."

"சொன்னா அன்னிக்கே வேலையை உதறிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துடுவா. அவ அம்மா மாதிரிதானே அவளும்."

"அப்போ கோட்டை நானே போடறேன்."

"உன் கோடா? மாடு மேஞ்ச மாதிரி இருக்கும். வாயை மூடிக்கிட்டு மையைத் தொற மாப்ளே."

பதினோரு நாள் எழுதினார். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். சில நாள் மூன்று எழுத்துக்கு மேல் ஓடாது. ழகரத்தின் வாலை மட்டும் நாற்பது தடவை எழுதிக் கிழித்தார். எல்லாக் கோட்டிலும் மெல்லிய அலை ஒன்று ஓடியது. நான்தான் கட்டித் தபாலில் போட்டேன்.

மகள் போனில் துள்ளினாள். "இந்த நெளிவை எங்கப்பா பிடிச்சீங்க? ஆபீஸ்ல எல்லாரும் சொக்கிப்போயிட்டாங்க! கம்ப்யூட்டர் தலைகீழா நின்னாலும் இப்படி ஒரு கோடு வராது."

"புதுசா ஒரு முயற்சி பண்ணிப் பார்த்தேன்மா" என்றார். போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கம்பெனி வெளியிட்ட ஒரே வருஷத்தில் அந்த எழுத்து எங்கும் வந்துவிட்டது. சோப்பு உறை, பேக்கரி, துணிக்கடை, கல்யாணப் பத்திரிகை. கையெழுத்து என்றால் இதுதான் என்று ஆள் ஆளுக்கு மெச்சினார்கள். முன்பெல்லாம் தன் பலகைகளைப் பார்த்துக்கொண்டே கடைவீதியில் மெதுவாக நடந்த மனிதர், சந்து சந்தாகப் புகுந்து போகத் தொடங்கினார். சலூன் கண்ணாடியில் எதிர்க்கடைப் பலகை தெரிகிறது என்று முடிவெட்டி முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஊரே என் வியாதியை எழுதித் தொங்கவிட்டிருக்கு மாப்ளே. நல்லா இருந்தப்போ எழுதினது ஒண்ணுகூட இல்லை."

ஒன்றாவது கிடைக்காதா என்று ஒரு வாரம் தேடினேன். எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தன.

போன மாதம் அத்தான் தூக்கத்திலேயே போய்விட்டார். கடைசிவரை மகளிடம் மூச்சுவிடவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு வந்தவள், அவளே உட்கார்ந்து இரங்கல் போஸ்டர் தயாரித்தாள்.

"அப்பா எழுத்துலயே போட்டிருக்கேன் மாமா. பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்ல?"

அத்தானின் பெயர் பெரிதாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்மா" என்றேன்.

பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பினேன். நாற்பது போஸ்டர். கடைவீதியில் ஒரு சுவர் விடவில்லை. ஒவ்வொன்றையும் சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் தேய்த்து ஒட்டினேன். அவர் பைக்குள் ஒளித்து வைத்திருந்த கையை ஊர் முழுக்க ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அத்தான் என்னை மன்னிக்கமாட்டார்.