பட்டாளத்தார் எழுதி வைத்தது

எங்கள் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்கு முந்திய ஒருவரைப் பட்டாளத்தார் என்றுதான் சொல்வோம். பொதிமாட்டில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய்வந்த வியாபாரி. அங்கே கலகம் மூண்டபோது வெள்ளைக்காரனின் படையில் சேர்ந்தாராம். காலில் காயத்தோடு கல்முனைக்குத் திரும்பியவர், மௌத்தாகிக் கண்மூடும்வரை பள்ளிவாசலே கதியென்று கிடந்தாராம். நோன்பு வைக்காத மாதமே அவருக்கு இல்லை. முன்னால் நின்று தொழுவிக்கச் சொன்னால் மட்டும் அழுதுகொண்டே மறுத்துவிடுவாராம். அது அவருடைய பணிவு என்பார் என் உம்மா. நானும் என் மகளுக்கு அப்படியே சொல்லி வளர்த்தேன்.

அவரை அடக்கிய கபுறு கடலோர மையவாடியில் இருந்தது. சுனாமி அந்த மையவாடியைக் கொண்டுபோனது. எங்கள் வீட்டையும் உம்மாவையும் சேர்த்துத்தான். கேட்பதற்கு ஆளில்லாமல் போன பிறகே எனக்குப் பட்டாளத்தாரைப் பற்றிக் கேட்கத் தோன்றியது.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், அவர் கைப்பட எழுதிய தாள் ஒன்று பெரியம்மாவின் மகளிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். எனக்கு அக்கா முறையான அந்த ராத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தாளைத் துணியில் சுற்றி ஒரு கிதாபின் பக்கங்களுக்கிடையில் வைத்திருந்தார். அறபு எழுத்தில் எழுதிய தமிழ். எனக்கு அதை வாசிக்க வராது.

"வாசிக்கத்தான் வேணுமா தங்கச்சி?"

"அதுக்குத்தானே ராத்தா வந்த."

அவர் தாளைக் கண்ணருகே பிடித்து, வாசித்து வாசித்துச் சொன்னார்.

"வெள்ளாமை வெட்டி முடிஞ்ச நேரமாம். ஊரைக் கொளுத்தச் சொல்லி உத்தரவாம். நெல்லுச் சேத்து வெச்ச ஒரு வீட்டுக்கு இவர்தான் நெருப்பு வெச்சிரிக்காரு. வியாபாரத்துக்குப் போற நாளையில மாட்டை அவிழ்த்துப்போட்டுத் தங்கிற வீடு அது. இவர்ர கையால உப்பு வாங்கித் திண்ட வீடு. அந்த வீட்டுப் பொம்புள கைப்பிள்ளையோட வெளிய வந்து, இவர்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டிரிக்கா. இவர் திரும்பிப் பார்க்கல்லயாம்."

"பிறகு?"

"பிறகு அவவைப் பத்தி ஒண்டும் இல்ல. என்னைத் தொழுவிக்கச் சொல்லாதீங்க எண்டு மட்டும் இரிக்கி."

ராத்தா தாளை மடித்தார்.

என் கணவர் போனதும் ஓர் அறுவடைக் காலத்தில்தான். யுத்தம் நடந்த வருடங்கள். நெற்களத்தில் நின்ற அவரையும் மற்றவர்களையும் ஆயுதக்காரர்கள் கொண்டுபோனார்கள். அடுக்கி வைத்திருந்த நெற்சூட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். மறுநாள் ஆறு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் போய்ப் பார்த்தேன். அந்தக் கதிர்ப்போர் மூன்று நாள் புகைந்தது. அடக்கம் செய்ய அவருடைய மையத்து இன்றுவரை கிடைக்கவில்லை. நெருப்பு வைத்தவனுக்கும் வீடு இருக்கும், அவனும் எங்கேயோ கும்பிடுவான் அல்லது தொழுவான் என்று அத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

"அவருக்கு துஆ கேப்பமா?" என்று ராத்தா கைகளை உயர்த்தினார். நான் மடியில் வைத்த கையை எடுக்கவில்லை. அவர் தனியாகவே ஓதி முடித்தார்.

"கோவமா தங்கச்சி?"

"தெரியா ராத்தா."

"எனக்கும் கன காலம் அவருக்கு துஆ கேக்க ஏலாமத்தான் இரிந்த," என்றார். பிறகு தேத்தண்ணி ஊற்ற எழும்பினார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்ட புள்ளைகளுக்கு இதச் சொல்ல வேணாம் உம்மா," என்றாள்.

"சொல்லத்தான் வேணும் மகள். அவரே மறைக்கல்லயே," என்றேன்.

அடுத்த வருடம் ராத்தா மௌத்தானார். தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. விடியற்காலையில் சுபஹு தொழுதபின் கொஞ்ச நேரம் அதே பாயில் இருப்பேன். பேர் தெரியாத அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் நினைத்துக்கொள்வேன். பட்டாளத்தாருக்காகக் கையேந்தும் நாளும் உண்டு. ஏந்தாமல் எழும்பிவிடும் நாளும் உண்டு.