ராமுத்தாய் அக்காவின் தெளியாத படங்கள்

“அட்டைப்பெட்டி தானா ஆடுமா தங்கச்சி?”

2008 ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் முனியராஜ் அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் கேலி இல்லை.

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி பஸ் நிறுத்தத்தில் அவருடைய போட்டோ ஸ்டூடியோவும் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, எங்கேயாவது போய்விட வேண்டும் என்று வருகிற பஸ்ஸின் போர்டையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த காலம் எனக்கு. அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் உயிரோடு இல்லை. பத்து வருடம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஸ்டூடியோ வைத்தவர். நாள் முழுக்க அவர் பேசுவது இவ்வளவுதான்: “உக்காருங்க. நாடியக் கொஞ்சம் தூக்குங்க. சிரிக்க வேண்டாம்.” ஆள் வராத நாட்களில் என் கடைக்கு வந்து டாப்-அப் கார்டு வாங்குவார். அவருக்கு யாரும் போன் செய்து நான் பார்த்ததில்லை. கார்டைச் சுரண்டி நம்பரை அடித்துவிட்டு, பாக்கி எவ்வளவு என்று சொல்லும் பதிவுக் குரலைக் கடைசிவரை காதில் வைத்துக் கேட்பார்.

மதுரையில் ஒரு டிஜிட்டல் கேமராவைப் பழையதாக வாங்கியிருந்தார். பொத்தானைப் பாதி அழுத்தினால் லென்ஸ் தானாகத் திரும்பி முகத்தைத் தெளிவாக்கிக்கொள்ளும். அவருடைய ஸ்டூடியோவில் இன்னொரு வழக்கமும் உண்டு. பட்டாசுக் கம்பெனிகளில் வெடிமருந்து அடைக்கும் மருந்து அறையில் வேலை பார்க்கும் பெண்கள் வேலை முடிந்து நேராகப் படமெடுக்க வருவார்கள். முகத்திலும் கழுத்திலும் அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும். விளக்கைப் போட்டால் முகம் புதுப் பாத்திரம் மாதிரி மினுங்கும். அதனால் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பருத்தித் துண்டும் வைத்திருப்பார். வீட்டுக்குப் போய்க் கழுவிவிட்டு வா என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

2007 தீபாவளி முடிந்து கம்பெனிகள் திறந்த சமயம். ஒரு கம்பெனியில் எல்லோருக்கும் அடையாள அட்டை என்று சொல்லி, போர்மேன் இருளாண்டி நாற்பது பெண்களை வேனில் கூட்டிவந்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்பே கேமரா கோளாறு செய்யத் தொடங்கியிருந்தது. நாலு படம் துல்லியமாக வரும், ஐந்தாவது கலங்கிவிடும். மறுபடி எடுத்தால் சரியாக வரும். ஆட்கள் ஆடுகிறார்கள் என்றே அண்ணன் நினைத்தார்.

அந்த நாற்பது பேரில் ஒருவரான, மருந்து அறையில் வேலை பார்த்த ராமுத்தாய் அக்காவின் முறை வந்தது. முதல் படம் கலங்கியது.

“அக்கா, ஆடாம இருங்க.”

“நான் எங்கய்யா ஆடுனேன்? கல்லு மாதிரில்ல இருக்கேன்.”

இரண்டாவதும் கலங்கியது. “தல ஆடுதுக்கா.”

வரிசையில் நின்ற முருகம்மாள் சத்தமாகக் கேட்டாள்: “ஏத்தா, சாமி கீமி வந்திருச்சா? வேப்பல ஒடிச்சாரவா?”

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற நானும் சிரித்தேன்.

மூன்றாவது படத்துக்கு ராமுத்தாய் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அதுவும் கலங்கியது. இன்னும் இருபது பேர் பாக்கி. அண்ணன் அவசரத்தில் சொல்லிவிட்டார்: “இவுகளுக்குத் தல நடுங்குது. பெறகு பாப்போம், அடுத்த ஆளு வாங்க.”

இருளாண்டி திரும்பிப் பார்த்தார். “எம்புட்டு நாளாத்தா நடுங்குது?”

“நடுக்கமெல்லாம் இல்லண்ணே. கையப் பாருங்க.”

“மருந்து ரூம்ல நடுங்குற ஆளு வேண்டாம்த்தா. ஒன்னோட சேத்து நாலு பேரு உக்காந்திருக்காக.”

அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. மருந்து அடைக்கிற இடத்தில் ஒரு உரசல் போதும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மறுநாளிலிருந்து அக்காவுக்கு வேலை இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டினார். நடுங்குகிறது என்று கேள்விப்பட்டவர்கள் கண்ணுக்கு அந்தக் கை நடுங்கத்தான் செய்தது. தாயில்பட்டிப் பக்கம் வேறு கம்பெனிகளில் போய் வேலை கேட்டார். அதற்குள் பேச்சு அங்கேயும் போயிருந்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தை மாதம் பஸ் ஏறிப் போய்விட்டார். திருப்பூர் என்றார்கள்.

பிறகு அண்ணனின் படங்கள் அதிகமாகக் கலங்கின. ஜனங்கள் சிவகாசிக்குப் போய் எடுத்துக்கொண்டார்கள். வாளித் தண்ணீர் காலையில் ஊற்றியபடியே சாயங்காலமும் இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம்தான், கேமராவை ஸ்டாண்டில் இறுக்கிவிட்டு, நாற்காலியில் காலியான புஸ்வாணப் பெட்டி ஒன்றை வைத்து, அதன் எழுத்தைக் குறிபார்த்து இருபது படம் எடுத்திருக்கிறார். ஏழு கலங்கிவிட்டன. என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

உள்ளே கூப்பிட்டுப்போய் கம்ப்யூட்டரில் ராமுத்தாய் அக்காவின் மூன்று படங்களையும் திறந்தார். “ஆளு ஆடுனா ஆளு மட்டுந்தான கலங்கணும்? சேரு ஏன் கலங்குது?”

அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்த நாற்காலியின் மரமும் மூன்றிலும் கலங்கியிருந்தது. கடைசிப் படத்தில் பின்னால் தொங்கிய நீலத்திரையின் மடிப்பு மட்டும் நூல் நூலாகத் தெரிந்தது. மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டு லென்ஸ் திரையைப் பார்த்திருக்கிறது.

இரண்டு நாள் அண்ணன் வேறு எதுவும் செய்யவில்லை. பேட்டரியை மாற்றினார், விளக்கைக் கூட்டினார், பயனில்லை. லென்ஸைக் கையால் திருப்பி எடுத்தபோது இருபதும் தெளிவாக வந்தன. அப்படியென்றால் கண்ணாடி நன்றாக இருக்கிறது, தானாகத் திரும்புவதில்தான் கோளாறு. லென்ஸைக் கழற்றினார். கேமராவோடு அது சேரும் இடத்தில் பொட்டுப் பொட்டாகச் சின்ன உலோகப் புள்ளிகள் இருந்தன. திரும்பு, நில் என்று கேமரா லென்ஸுக்குச் சொல்வது அவை வழியாகத்தான் என்றார். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. என்னிடம் கறுப்புத்தாள் கேட்டார். லென்ஸ் துடைக்கும் துணியை அதில் தேய்த்தார். வெள்ளிக் கோடு விழுந்தது.

அந்தத் துணி, வாசல் துண்டு நைந்துபோனதும் கிழித்து வைத்துக்கொண்டது. நூறு தடவை துவைத்தது, அதைவிட மிருதுவான துணி கிடையாது என்று நினைத்திருக்கிறார். துவைத்தாலும் அலுமினியப் பொடி நூலுக்குள் இருந்திருக்கிறது. படம் கலங்கக் கலங்க, லென்ஸைக் கழற்றி, அந்தப் புள்ளிகளையும் சேர்த்துக் காலையும் மாலையும் கவனமாகத் துடைத்திருக்கிறார்.

புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, புதுத்துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். முப்பது படம் எடுத்தார். முப்பதும் தெளிவு. நான் கைதட்டினேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கறுப்புத்தாளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனார். நானும் போனேன்.

“லென்ஸுக்கு வந்த சீக்க எட்டு மாசங்கழிச்சா கண்டுபிடிச்சீக?” என்றார் இருளாண்டி.

“தப்பு எம்மேலதான். அவுகளத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்க.”

“நாளைக்கே வரச் சொல்லுங்க, சேத்துக்கிறேன். ஆளு எங்க?”

வேலை விட்டு வெளியே வந்த பெண்களை அண்ணன் ஒவ்வொருவராக நிறுத்திப் படத்திலிருந்த நாற்காலியைக் காட்டினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முருகம்மாள் மட்டும் சொன்னாள்: “நீங்க சொன்னீக, நாங்க நம்பிட்டோம். இப்ப யாருகிட்டப் போயிச் சொல்ல?”

அண்ணன் இரண்டு முறை திருப்பூர் போனார். பனியன் கம்பெனி வாசல்களில் நின்று படத்தைக் காட்டினார். அக்காவுக்கு வேறு படம் கிடையாது, இந்த மூன்றுதான். அதைப் பார்த்து, இது யார் என்று யாரால் சொல்ல முடியும்? “ஆம்பளையா பொம்பளையா?” என்று ஒரு காவலாளி கேட்டாராம். திரும்பி வந்து அதை என்னிடம் சொல்லிவிட்டு ஒரு டாப்-அப் கார்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதனால்தான் எழுதுகிறேன். ராமுத்தாய் அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதுக்குள் இருக்கும். நல்ல உயரம். இடது புருவத்தில் பாதி முடி இருக்காது, சின்ன வயதில் தீப்பட்டது. இதை வாசிக்கிறவர்கள் திருப்பூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் யாருக்காவது சொல்லுங்கள், அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். அக்காவைப் பார்த்தால், கோளாறு லென்ஸில்தான் இருந்தது என்றும், மருந்து அறையில் அவருடைய இடம் இருக்கிறது என்று போர்மேனே சொன்னார் என்றும் சொல்லுங்கள். ஊருக்கு வர அவருக்கு மனமில்லை என்றாலும் பரவாயில்லை. சேதியாவது அவர் காதுக்குப் போய்ச் சேரட்டும்.