சித்தியின் இரண்டாவது துவக்கு

என் சித்தி கரடி சுடப் புறப்பட்ட ஆண்டில் எனக்குப் பத்து வயது. ஜெர்மனியில் எங்கள் ஊரான ஹம்மில் அதற்கு முன்போ பின்போ எந்தத் தமிழரும் கரடி சுடப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்குள் வந்து விழுந்தபோது, அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி, "கரடியோ?" என்று கேட்டார். "ஓம் அத்தான், கரடிதான்," என்றார் சித்தி. அப்பா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சித்தி அம்மாவின் தங்கை. பிராந்திய ரயில் ஓட்டுபவர். எங்கள் வீட்டு மேல்மாடியில் தனியாகக் குடியிருந்தார். ஒருமுறை அவருடைய ரயிலில் ஒரு மான் அடிபட்டது. அதைப் பார்க்க வந்த வேட்டைக்காரக் கிழவரோடு தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று பேசத் தொடங்கியவர், அடுத்த வருடமே வேட்டை உரிமத்துக்கான வகுப்பில் சேர்ந்து, பரீட்சையிலும் தேறிவிட்டார். அதிலிருந்து குளிர்காலங்களில் எங்களுக்குக் காட்டுப்பன்றி இறைச்சி கிடைத்தது. அம்மா அதை ஊர்த் தூள் போட்டு உறைப்பாகச் சமைப்பார். பொம்பிளைப் பிள்ளைக்குத் துவக்கு எதற்கு என்று கேட்ட உறவினர்கள் எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தற்செயலாக எங்கள் தெருப்பக்கம் வருவார்கள்.

கரடிக்கான அழைப்பும் அந்தக் கிழவர் மூலமாகவே வந்தது. சுவீடனின் வடக்கே அவருக்குத் தெரிந்த ஒரு வேட்டைக் குழு இருந்தது. இலையுதிர்காலத் தொடக்கத்தில் அங்கே கரடி வேட்டைக்கு அனுமதி உண்டு. அவருக்கு முழங்கால் போய்விட்டதால் தன் இடத்தைச் சித்திக்குக் கொடுத்தார். சித்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அம்மா அதையே குற்றமாகச் சொன்னார்.

முதலில் துவக்கு வாங்க வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு துவக்குக் கடைக்குப் போனார். பெரிய மாமாவும் பக்கத்து நகரமான எசனிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர். எசனில் மளிகைக் கடை வைத்திருந்தார். தங்கை வேட்டை உரிமம் எடுத்த மறுவருடமே தானும் எடுத்தவர். எதை வாங்கினாலும் அந்த வகையில் பெரியதையே வாங்குவது அவர் வழக்கம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் அப்படித்தான், காரும் அப்படித்தான்.

கடைக்காரர் பச்சைத் துணி விரித்த மேசையில் மூன்று துவக்குகளை வைத்தார். சித்தியிடம் ஏற்கெனவே இருந்தது பன்றிக்கும் மானுக்கும் போதுமானது. கரடியையும் அதனால் வீழ்த்தலாம், ஆனால் கரடியின் தோள் எலும்பு தடித்தது, சன்னம் அதை உடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டுமானால் கனமும் வேண்டும் என்று கடைக்காரர் விளக்கினார். மாமா உடனே மூன்றில் பெரியதைத் தூக்கித் தோளில் வைத்து, "இதுதான் துவக்கு! யானையும் விழும்," என்றார்.

"நான் யானைக்குப் போகேல்லை அண்ணை," என்றார் சித்தி.

அவர் செய்தது எனக்குப் புதுமையாக இருந்தது. கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு துவக்கையும் தோளுக்கு உயர்த்தினார். பிறகு கண்களைத் திறந்து குறி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பெரியது ஒவ்வொரு முறையும் மேலே போய் நின்றது. நடுவில் இருந்தது, ஒன்பது மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான குழல் உள்ளது, கண்ணைத் திறந்தபோதெல்லாம் சரியாக இருந்தது.

"இது என்ரை சொல்லுக் கேக்குது," என்றார். "பெரிய துவக்கால பிழையான இடத்தில வைக்கிறதைவிட, இதால சரியான இடத்தில வைப்பன்."

உருப்பெருக்கம் குறைந்த குறிபார்க்கும் கண்ணாடி ஒன்றையும் அதற்குப் பொருத்தச் சொன்னார். அடர்ந்த காட்டில் கரடி தூரத்தில் நின்று போஸ் கொடுக்காது என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "வெடி பிழைச்சால்?" என்று கேட்டேன். சித்தி அதைக் கடைக்காரருக்கு ஜெர்மன் மொழியில் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "அதற்குத்தான் இரண்டாவது துவக்கு. அது கடையில் வாங்கும் பொருள் அல்ல. பக்கத்தில் நிற்கும் ஆள்," என்றார்.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். அந்த ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை.

அன்று மாலை எங்கள் வீட்டில் வைத்துச் சித்தி, தான் வேறொருவரை நினைத்திருப்பதாகச் சொன்னார். ஹம்மில் சாரதிப் பயிற்சி கொடுக்கும் ஒருவர். மன்னாரைச் சேர்ந்தவர். சித்தியோடு ஒரே வேட்டை வகுப்பில் படித்தவர். அம்மா அப்போது அவரிடம்தான் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். ஆகவே அவர் எனக்குப் பயிற்சி மாமா. வாசலில் காரை நிறுத்திவிட்டு ஹோர்ன் அடிக்காமல் காத்திருப்பவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். என்னை மாடிக்கு அனுப்பினார்கள். நான் படியில் இருந்து கேட்டேன்.

"அவன் ஆர்? என்ன ஆக்கள்? ஆருக்கு அவன்ரை வீடு வாசல் தெரியும்?" என்றார் பெரிய மாமா.

"நல்லா வெடி வைப்பார் அண்ணை. அது எனக்குத் தெரியும்."

"அவன் வேதக்காரன். சேர்ச்சுக்குப் போறவன்."

"கரடிக்கு அதெல்லாம் தெரியாது."

அப்பா சிரிப்பை இருமலாக்கியது கேட்டது. அம்மா, "சனம் என்ன சொல்லும் எண்டு யோசிச்சியோ?" என்றார். காட்டுக்குள் சனம் எங்கிருந்து வரும் என்று நான் யோசித்தேன். துவக்குப் பிடிக்கத் தெரிந்த ஒருவரைத் தெரிவு செய்வதற்கு அவருடைய வீட்டையும் வாசலையும் கோயிலையும் ஏன் விசாரிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வேட்டையில் அப்படியும் ஒரு விதி இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் சித்தியின் குரல்தான் மேலே எழுந்தது. "சரி அண்ணை. வாற ஞாயிறு வாங்கோ. ரெண்டு பேரையும் வைச்சுப் பாப்பம்."

ஜெர்மனியில் வேட்டைக்காரர்கள் பழகுவதற்குச் சுடும் திரையரங்குகள் இருக்கின்றன. பெரிய திரையில் விலங்குகள் ஓடும் படம் போகும். உண்மையான துவக்கால் சுட வேண்டும். வெடி கேட்டதும் படம் அப்படியே நின்று, சன்னம் பட்ட இடம் ஒளிப்புள்ளியாகத் தெரியும். சித்தி நிலையப் பொறுப்பாளரிடம் சொல்லி, கரடி பாய்ந்து வரும் படத்தைப் போடச் செய்தார். அம்மாவும் நானும் காதை மூடும் கவசம் மாட்டிக்கொண்டு தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தோம்.

சித்தி சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று. "முதல் வெடி என்ரை. அது பிழைச்சால் மட்டும்தான் உங்கடை."

மாமா முதலில் நின்றார். திரையில் பற்றைகள் அசைந்தன, கரடி வந்தது. அதன் வாய் நன்றாகத் தெரிவதற்குள் மாமாவின் வெடி தீர்ந்துவிட்டது. படம் நின்றது. நெற்றியின் நட்டநடுவே புள்ளி. சித்தி இன்னும் சுட்டிருக்கவில்லை. மூன்று முறை அதே படம், மூன்று முறையும் மாமாவின் புள்ளி மட்டும் மின்னியது. மூன்றாவது முறை அவர் சந்தோஷத்தில் துவக்கோடு எங்கள் பக்கம் திரும்பப் பார்த்தார்; பொறுப்பாளர், "குழல் முன்னுக்கு!" என்று அதட்டினார்.

பிறகு பயிற்சி மாமா. சித்திக்கு வலப்பக்கம், அரை அடி பின்னால் நின்றார். முதல் கரடியைச் சித்தி வீழ்த்தினார். பயிற்சி மாமா துவக்கைத் தோளில் வைத்தபடியே சுடாமல் நின்றார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் சித்தி வேண்டுமென்றே பிழையாகச் சுட்டார் என்று நினைக்கிறேன். புள்ளி மரத்தில் விழுந்தது. அதன் பிறகுதான் அவருடைய வெடி கேட்டது. புள்ளி கரடியின் தோளில் இருந்தது. நெற்றியில்கூட இல்லை.

மாமாவுக்கு மூன்று, மற்றவருக்கு ஒன்று. முடிவில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் சித்தி சொன்னார்: "அண்ணை, அவர் வரட்டும்."

"நான் மூண்டும் அடிச்சனான்!"

"ஓம் அண்ணை. மூண்டும் எனக்கு முன்னால அடிச்சியள்."

பயிற்சி மாமா தன் காருக்குப் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். அந்தப் பெரிய கார் வெளியேறுவதற்கு இரண்டு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. வென்றவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அன்று முழுவதும் சித்தியோடு பேசாமல் இருந்தேன்.

சித்தியை யாரும் தடுத்ததாக நினைவில்லை. தடுத்தாலும் நிற்கிற ஆள் அல்ல. ஆனால் அம்மாவின் பேச்சு மெல்ல மாறியதைக் கவனித்தேன். ஒருநாள் சமையலறையில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைய பயிற்சியில் சுற்றுவட்டத்துக்குள் நுழையும்போது பக்கவாட்டில் லொறி ஒன்று வந்துவிட்டதாம். "அந்தாள் தன்ரை பக்கத்துப் பிரேக்கில காலை வைச்சிருந்தவர். ஆனா அமத்தேல்லை. 'உங்களால ஏலும் அக்கா' எண்டு மட்டும் சொன்னவர். நான்தான் நிப்பாட்டினன்." அப்பா, "அப்ப இந்த முறை பாஸ் பண்ணுவீர்," என்றார். "நான் அதைச் சொல்லேல்லை," என்றார் அம்மா.

செப்டெம்பரில் சித்தியும் பயிற்சி மாமாவும் சுவீடனுக்கு, அந்த வேட்டைக் குழுவிடம் புறப்பட்டார்கள். அந்த வாரம் அம்மா சமையலில் இரண்டு தடவை உப்புப் போட மறந்தார். பெரிய மாமா வேறு ஏதோ கேட்பதுபோலத் தினமும் தொலைபேசி எடுத்து, கடைசியில், "செய்தி வந்ததோ?" என்று கேட்டார். ஒரு பின்னேரம் சித்தி அழைத்தார். சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"முடிஞ்சுது அக்கா. சுகமா இருக்கிறம்."

தொலைபேசியை வைத்துவிட்டு அம்மா அப்பாவிடம், "இருக்கிறமாம்," என்றார்.

"ரெண்டு பேர்தானே போனவை," என்றேன் நான். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்த ஞாயிறு எங்கள் வீட்டில் விருந்து. பயிற்சி மாமாவையும் அம்மா சாப்பிட வரச் சொல்லியிருந்தார். பெரிய மாமாவை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து, எதிர்ப்பக்கக் கதிரையில் இருந்தார். நான் கரடியின் நகமாவது கிடைக்கும் என்று காத்திருந்தேன். தோலும் இறைச்சியும் அங்குள்ளவர்களுக்கே போய்விட்டதென்று சித்தி சொன்னதும் பாதி உற்சாகம் போய்விட்டது. ஆனால் கதை மீதியைக் காப்பாற்றியது.

குழுவின் வேட்டை நாய் அடர்ந்த மரங்களுக்குள் நின்று குரைத்ததாம். அதன் குரல் வந்த பக்கத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கரடி வேறு பக்கத்தால் வெளியே வந்ததாம். எங்கள் வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் இருக்கிற தூரம். சித்தி முழங்காலில் இருந்து வெடி வைத்தார். கரடி விழுந்தது.

"சரி எண்டு நினைச்சன். அப்ப எழும்பினது, அண்ணை. எழும்பி நேரா எங்களைப் பாத்து வந்தது. அது ஓடுற மாதிரித் தெரியேல்லை. பெரிசாகிற மாதிரித்தான் தெரிஞ்சது. நான் அடுத்த சன்னத்தை ஏத்திறன், கை ஓடுது, ஆனா அது அதைவிடக் கெதியா வருது."

"பிறகு?" என்றார் மாமா. கோபத்தை மறந்து கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இவர் ஒரு எட்டு வலப்பக்கம் வைச்சார். 'குனியுங்கோ' எண்டார். நான் குனிஞ்சன். என்ரை தலைக்குப் பக்கத்தால வெடி போச்சு."

கரடி விழுந்த இடத்தைச் சித்தி கையால் காட்டினார். எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து சமையலறை வாசல். எல்லோரும் அந்த வாசலைப் பார்த்தோம்.

மாமா முதல் முறையாகப் பயிற்சி மாமாவிடம் நேரே பேசினார். "அவ்வளவு கிட்ட வரும்வரை ஏன் பாத்துக்கொண்டு நிண்டனீர்?"

"அவ நடுவில இருந்தவ, அண்ணை," என்றார் அவர். "என்ரை குறிக்கும் கரடிக்கும் நடுவில அவவின்ரை தலை. அது விலகிறவரைக்கும் எனக்கு வழி இல்லை."

மாமா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எண்டால் வெடி வைச்சிருப்பன்," என்றார்.

அதைச் சொன்ன விதத்தில் பெருமை இருக்கவில்லை. எனக்கு அது வியப்பாக இருந்தது. மாமா வேகமாகச் சுடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. சித்தி எட்டி அவருடைய தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி," என்றார். அதுவரை எங்கள் வீட்டில் அவர் பயிற்சி மாமாவை 'அவன்' என்று மட்டுமே சொல்லிக் கேட்டிருக்கிறேன். "தாய் தேப்பன் எங்க இருக்கினம்?"

"அம்மா மன்னாரில. அப்பா இல்லை அண்ணை."

"அவவுக்குச் சொல்லியாச்சோ?"

"இன்னும் இல்லை. உங்களிட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லுவம் எண்டு இருக்கிறன்."

மாமா தலையை ஆட்டினார். "ஓம். இனிச் சொல்லுங்கோ."

கரடிக்கு நேராகத் துவக்குப் பிடித்த என் சித்தி தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பா எதற்கோ எழுந்து போய் யன்னலைத் திறந்தார். கரடி செத்து எத்தனையோ நாளாகிவிட்டது. மன்னாரில் இருக்கும் தாயிடம் அந்தக் கதையைச் சொல்வதற்கு எங்கள் மாமாவின் அனுமதி எதற்கு என்று நான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் பின்னால் போனேன். அம்மா குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கரடி அந்த வாசல்வரை வந்துவிட்டதே என்று பயந்துவிட்டார், பாவம், என்று எனக்குத் தோன்றியது. இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அழாதைங்கோ அம்மா. அது செத்துப்போச்சு. இனி வராது."

அம்மா என்னைக் குனிந்து பார்த்தார். அழுதுகொண்டிருந்தவர் அப்படியே சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவேயில்லை. கூடத்திலிருந்து அப்பா என்ன விஷயம் என்று கேட்டார். நான் ஆறுதல்தான் சொன்னேன் என்று உள்ளேயிருந்தே கத்திச் சொன்னேன்.