பஸ் தரிப்பிடத்தில் கேட்ட கேள்வி

அன்று சண்டிலிப்பாய் பஸ் தரிப்பிடத்தில் அப்பாவும் நானும் பக்கத்து வீட்டுச் செல்லையா மாமாவும் மாமியும் நின்றோம். என் வாயை அடக்கத் தெரிந்த அம்மா வரவில்லை. பின்னாளில் வீதியை அகலமாக்கியபோது அந்தத் தரிப்பிடத்தின் தகரக் கொட்டகை போய்விட்டது. இன்று பஸ்ஸில் ஒருவரின் மடியிலிருந்த புகையிலைக் கட்டு மணத்தபோது, அங்கே எப்போதும் இருந்த அதே மணமும், வெயிலில் முறுகிச் சத்தமிடும் அந்தக் கூரையும், "என்ன, உங்கடை பக்கம் மழையோ?" என்று முன்பின் தெரியாதவர்களும் கதை தொடங்குவதும் நினைவில் வந்தன. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்த முதல் ஆள் நான். அந்தக் கிழமைப் பாடம், ஒருவரோடு கதை தொடங்குவது எப்படி என்பது. பஸ் வந்து மாமா படியில் கால் வைக்க, பாடத்தில் இருந்த கேள்வியை அப்படியே தமிழாக்கி, "எங்கை போறியள், மாமா?" என்றேன்.

மாமா காலை எடுத்துவிட்டார். நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர்களை "எங்கை" என்று கேட்டால் போகிற காரியம் தடைப்படும் என்பார்கள்; மகளுக்கு இணுவிலில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்களிடம் "தூரத்துக்கோ?" என்றுதான் கேட்கவேண்டும்.

"படிச்ச பிள்ளை கேட்டிட்டுது. இனி வீட்டை போய்த் தண்ணி குடிச்சிட்டுத்தான் வெளிக்கிடவேணும்" என்றார் மாமி.

பஸ் போய்விட்டது. அவர்கள் திரும்பி வருவதற்குள் அப்பா ஓட்டோ பிடித்து, ஓட்டோக்காரர் வாயைத் திறக்க முதலே "இணுவிலுக்கு" என்றார். சம்பந்தம் சரிவந்தது. கலியாண வீட்டில் மாமி எனக்கு இரண்டாம் தரமும் பாயாசம் விட்டு, "உவன் கேட்ட ராசிதான்" என்று சிரித்தார்.

அந்த ஒரு கேள்விக்கு அப்பா கொடுத்த ஓட்டோக் காசு முந்நூற்றைம்பது ரூபாய்.