ஆமென் சொன்ன பிறகு கிளம்பும் வண்டி

சனிக்கிழமை காலை 5.50. விருதுநகரில் இறங்கும்போது ரயில் இருபது நிமிடம் தாமதம். நிலைய வாசலில் பன்னிரண்டு ரூபாய் டீ, பாதி சர்க்கரை. சிவகாசி இருபத்தாறு கிலோமீட்டர், அங்கிருந்து தாயில்பட்டிக்கு இன்னொரு பஸ்.

"எங்கன சார்? தீவாளிச் சரக்கு வாங்கவா?" என்றார் நடத்துனர்.

"இல்லண்ணே, அக்காவைப் பார்க்க."

"அப்பச் சரி. சரக்குன்னா இப்ப வந்து பிரயோசனமில்ல, வெல எறங்கல."

திருத்தங்கலில் அச்சகங்கள் அப்போதுதான் கதவு திறந்துகொண்டிருந்தன. சிவகாசி தாண்டியதும் இருபுறமும் கருவேல முள். நடுநடுவே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசுக் கொட்டகைகள்.

7.40. தாயில்பட்டி. கிரேஸ் அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தானியேல் அத்தானுக்குப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. நான் போனபோது அத்தான் வண்டியில் உட்கார்ந்திருந்தார். அக்கா கைப்பிடியைப் பற்றியபடி, "வாலே. அங்கனயே நில்லு, ஜெபம் முடியட்டும்" என்றாள்.

"ஆண்டவரே, இவுகளக் கொண்டுபோற நீங்கதான் திரும்பக் கொண்டாந்து விடணும். ஆமென்."

அவ்வளவுதான். ஆமென் கேட்ட பிறகே அத்தான் கிக்கரை உதைத்தார்.

பள்ளி விடுமுறை. இட்லி தின்றுகொண்டே சீண்டினேன். "பத்தொன்பது வருஷமா ஒரே வரி. ஆண்டவருக்கு அலுக்காதா?"

"அவுக தெனமும் போறாகள்ல. அதான் தெனமும் கேக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் நானும் தினமும்தான் கேட்டேன். அவர் போனதோடு ஜெபத்தை விட்டவன் நான். "அப்பாவுக்குக் கேட்டோமே, கெடச்சுதா?" என்றேன்.

"கெடைக்கல" என்றாள் அக்கா. "அதையும் ஆண்டவருகிட்டதானலே சொல்லி அளுதேன். வேற யாருகிட்டப் போக?" இன்னொரு இட்லி வைத்தாள்.

11.35. திடுமென்று ஒரு சத்தம். அலமாரியில் தம்ளர்கள் குலுங்கின. தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. மேற்கே புகை. அத்தான் ஆலையும் மேற்கேதான்.

நான் அத்தானுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை போடப் போனபோது அக்கா, "அது ஆலை வாசல்ல வாங்கி வைக்கிற பெட்டிக்குள்ள கெடக்கும்லே. உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாக" என்றாள். ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு முழங்காலிட்டாள். "அங்கன இருக்குற அம்புட்டுப் பேரையும் பாத்துக்கிடுங்க ஆண்டவரே."

எழுந்ததும் கேட்டேன். "அத்தான் பேரைச் சொல்லலையே?"

"சத்தம் கேட்ட பெறகு, அவுகளா இருக்கக் கூடாதுன்னு எப்படிலே கேப்பேன்? வேற ஒருத்தி புருசனா இருக்கட்டும்னு கேட்டதா ஆயிரும். அவுகளுக்குக் காலையிலயே கேட்டுட்டேன்."

வாசலில் உட்கார்ந்தோம். அந்த முக்கால் மணி நேரத்தில் நானும் மனதுக்குள் கேட்டேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்: நான் கேட்டது அத்தானுக்கு மட்டும்தான்.

12.20. பக்கத்து வீட்டு மாரியம்மாள் ஓடி வந்தாள். "டீச்சர், அது வேற கம்பெனி! ஆளுக எல்லாரும் வெளிய வந்துட்டாக. கொட்டகைதான் போச்சு." அதுவரை கண் கலங்காத அக்கா அப்போதுதான் குலுங்கி அழுதாள்.

5.15. வண்டிச் சத்தம். அத்தான் இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "டிபன் பெட்டிய எங்க விட்டீக?"

மறந்துவிட்டார். "இன்னைக்குமா? நாளைக்கு எதுல சோறு கட்ட?" என்று திட்டிக்கொண்டே அவர் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். "நாளைக்கு ஞாயித்துக்கெளமைல்லா" என்ற அத்தான், என் பக்கம் திரும்பி, "பயந்துட்டியோ மாப்ள?" என்று சிரித்தார். அந்த மனிதரை அன்றைக்குப் போல நான் என்றும் பிரியமாகப் பார்த்ததில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து ரயிலேறினேன். எங்கள் சென்னைத் தெருவில் பட்டாசு மருந்து இல்லை, லாரிகள் உண்டு. என் மனைவி எஸ்தர் தினமும் ஸ்கூட்டரில் அம்பத்தூர் போகிறாள். அவள் கிளம்பும் நேரம் நான் செய்தித்தாள் படிப்பது வழக்கம்.

திங்கள் காலை 8.10. வாசலுக்குப் போய் ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"என்ன, பெட்ரோல் இல்லையா?" என்றாள் எஸ்தர்.

"இருக்கு. ஒரு நிமிஷம் வண்டியை அணை."