ராசமலர் நிறுத்திய இடம்

மெல்பேர்ன், 1974 ஆகஸ்ட், ஞாயிறு மதியம். கார்ல்டனில் இத்தாலியர்கள் கூடும் தியேட்டரில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடுகிறது. கீழே ஆங்கில எழுத்து இல்லை. என் ஒன்றுவிட்ட தங்கை ராசமலர் காதோடு காதாக மொழிபெயர்க்கிறாள். இங்கே தாதியாக இருக்கும் அவள், ஆஸ்பத்திரிச் சமையல்காரர் ஒருவரிடம் இத்தாலி மொழி கற்றவள்.

திரையில், ஒருமுறை ஏமாந்த பெண்ணிடம் புதிதாக ஒருவன் ஏதோ கெஞ்சுகிறான். ராசமலர் நிறுத்திவிடுகிறாள்.

"என்னவாம்?"

"கட்டுறன் எண்டுறான். நீங்கள் நம்பாதேங்கோ, அண்ணை."

எனக்குக் காரணம் தெரியும். அவளைக் கட்டுவதாக இருந்தவன், அவள் சிட்னியில் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்கு மனைவியோடு வந்தான்.

திரையில் இவனும் ஏமாற்றுகிறான். அந்தப் பெண் அழுது முடித்து, முகம் கழுவி, அடுத்த சனிக்கிழமை நடன மண்டப வாசலில் புதுச் சட்டையோடு நிற்கிறாள். முன்வரிசைப் பெண்கள் கைதட்டுகிறார்கள்.

"ரோசம் கெட்டவள்," என்கிறேன்.

"எனக்கு அது கூடிப்போச்சு, அண்ணை. அந்தச் சமையல்காரர் நல்ல மனுசன். போன வருசம் என்னைக் கட்டக் கேட்டவர். யோசிக்காமலே மாட்டன் எண்டிட்டன்."

"இப்ப போய்க் கதைக்கலாமே?"

"இத்தாலிக்குத் திரும்பிப் போயிட்டார். தை மாதம் கலியாணமும் முடிஞ்சுதாம்."

விளக்குகள் எரிகின்றன. ஆட்கள் எழுந்து போகிறார்கள். ராசமலர் எழவில்லை.

"இந்தமுறை ஒருத்தரும் என்னை ஏமாத்தேல்லை, அண்ணை," என்கிறாள்.